கிளிக்கு அரிந்த காய்

அம்மா,

இன்று காலை கொத்தவரங்காய் அரிந்ததில் அந்தப் பச்சை வாடை விரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்பினால் மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பாதிக்குமேல் எரிச்சல்தான்.

என் மகன், உன் பேரன், கொண்டை வைத்த வெளிநாட்டுக் கிளிகள் இரண்டை வாங்கிவந்தான். ஆறு மாதம் கொஞ்சினான். சென்னையில் வேலை கிடைத்ததும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். "வெறும் விதையா போட்டா ஈரல் கெட்டுரும்மா, தெனம் காய்கறி குடுங்க" என்று கால்நடை டாக்டர் ஒரு பட்டியல் எழுதித் தந்திருக்கிறார். கேரட், பீன்ஸ், பீர்க்கங்காய், முருங்கைக்கீரை, முளைகட்டின பயறு. எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து, ஈரம் போகத் துடைத்து, கலந்து வைக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. வைத்தால் அதுகள் இரண்டும் பயறை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கேரட்டைச் சுவரில் எறிகின்றன. வீட்டுக்கு வெள்ளையடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து உன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். எந்த வேலையைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கூச்சமாக இருந்ததோ, அதே வேலை. அதுவும் உன் அரிவாள்மனையில்.

அந்த அரிவாள்மனை நம் வீட்டுக்கு வந்த கதையை நீ யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணை வீட்டில் மூன்று கிளிகள் வளர்த்தார்கள். வெறும் நெல்லையே போட்டுப்போட்டு அவற்றுக்கு இறகு கொட்டியது. மாட்டுக்கொட்டகை கூட்ட அந்த வீட்டுக் கொல்லைக்குப் போய்வந்துகொண்டிருந்த நீதான், "நெல்லையே தின்னா நாமளும் இப்படித்தான் ஆவோம்" என்று வேலியிலிருந்து கோவைப்பழம் பறித்துப் போட்டாய். இரண்டு மாதத்தில் இறகு முளைத்தது. அதிலிருந்து கிளிக்குக் காய் அரிவது உன் வேலை என்று ஆகிவிட்டது. புடலை, கொத்தவரை, வெண்டைப் பிஞ்சு, ஒரு பச்சை மிளகாய், ஒரு பிடி பயறு, எல்லாம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில். உனக்கென்று தனி அரிவாள்மனை ஒன்றைக் கொட்டகைக் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்தார்கள். நீ தொட்டதை அவர்கள் சமையலறைக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். நீ அரிந்ததை அவர்கள் தின்ன மாட்டார்கள். கிளி தின்னலாம். நீயோ அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். "அந்தப் பெரிய வீட்டுல என் கைப்பக்குவம் தெரிஞ்சது அந்த மூணுக்கும்தான்" என்று சிரிப்பாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

உன்னிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. விடியும்போது வைத்த காயில் மீந்ததை, வெயில் ஏறுவதற்குள் போய் எடுத்துவிடுவாய். "அரிஞ்ச காய் வெயில் ஏறுனா நஞ்சாயிரும்" என்பாய். ஒரு நாளைக்கு இரண்டு நடை. காய்ச்சல் வந்தாலும் இரண்டாவது நடை நின்றதில்லை.

அந்த வருடம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. ஆட்சி மாறியிருந்த புதிது. மேடையெல்லாம் ஏழைக்கு விடிந்துவிட்டது என்று பேச்சு. நம் தெருவில் மட்டும் அதே மரக்கால், அதே குறைந்த கூலி. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சங்கத்தில் முன்னால் நின்றார். கேட்ட கூலி ஒப்புக்கொள்ளும்வரை தெருவில் ஒருவரும் பண்ணை வீட்டு எல்லையை மிதிப்பதில்லை என்று கொடிக்கம்பத்தடியில் கூடி முடிவெடுத்தார்கள். நீயும் கை தூக்கினாய். நான் பார்த்தேன். எனக்குப் பதினாறு வயது. மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்ட நாள் அது ஒன்றுதான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் விடியலில் வாய்க்காலுக்குப் போன நான், மூங்கில் புதருக்குள்ளிருந்து நீ வருவதைக் கண்டேன். இடுப்பில் வெறுங்கூடை.

"கிளிக்கு வச்சிட்டு வர்றேன்டி. யாருட்டயும் சொல்லிக்காத."

"தெருவே பட்டினி கெடக்கு. ஒனக்குக் கிளியா?"

"கூண்டுல கெடக்கறது எங்க போயித் தின்னும்?"

நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கொடிக்கம்பத்தடியில் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சித்தப்பாவுக்கு முகமே இல்லை. அண்ணன் பெண்டாட்டியை நடுவில் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறதே என்று தரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். கூட்டத்தில் யாரோ "கருங்காலி" என்றார்கள். நீ மறுக்கவில்லை. அழவும் இல்லை.

"இனிமே போவல தம்பி. இன்னிக்கு ஒரு நடை மட்டும் விடுங்க. காலைல வச்ச காயி கூண்டுல கெடக்கு. செரட்டைய எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"போவக் கூடாதுன்னா போவக் கூடாதுதாங்க அண்ணி. அந்த வீட்டுல கை இல்லாத ஆளுவளா இருக்காங்க? அவுங்களே எடுத்துப் போடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அம்மா. பண்ணை வீட்டுக்குப் போகும் வழியில், மதகடியில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். நான் பஸ் ஏறப் போனபோதும் சாயங்காலம் திரும்பியபோதும் நீ வாசலில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். புரட்டாசி வெயில், மழைக்கு முந்திய புழுக்கம்.

அடுத்த இரண்டாம் நாள் கூலி படிந்தது. கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. தெருவே கொண்டாடியபோது நீ பண்ணை வீட்டுக் கொல்லைக்கு ஓடினாய். பின்னாலேயே நானும் வந்தேன், ஏன் வந்தேன் என்று தெரியாது. கூண்டில் இரண்டு கிளிகள் உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. ஒன்று கீழே செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் நீ வைத்த சிரட்டை அப்படியே இருந்தது, பூசணம் பூத்து, ஈ மொய்த்து. மேலேயிருந்து கம்பி வழியாக நெல் மட்டும் தூவியிருந்தார்கள்.

"நீ வருவேன்னுதான் இருந்தோம்" என்றாள் பண்ணை வீட்டம்மா. "நீ தொட்ட செரட்டைய நாங்க எப்படி எடுக்கறது?"

குறை சொல்லும் குரலில்தான் சொன்னாள். கூண்டைத் திறந்து ஒரு சிரட்டையை வெளியே தள்ள எவ்வளவு நேரமாகும்? ஒரு குச்சியால் தள்ளியிருக்கலாம். அந்த வீட்டில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. இனிமேல் நீ வர வேண்டாம், அந்த அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு போய்விடு, அது வேறு யாருக்கும் ஆகாது என்றாள். நீ செத்த கிளியை முந்தானையில் எடுத்துக்கொண்டாய். அரிவாள்மனையை என்னிடம் கொடுத்தாய். வாய்க்கால் கரையில் குழி தோண்டிப் புதைத்தாய்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அந்த வீட்டைச் சபித்திருக்கலாம். சித்தப்பாவோடு சண்டைக்குப் போயிருக்கலாம். மறுநாள் எனக்குத் தலை பின்னிவிட்டாய், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாய். அவ்வளவுதான். எனக்கு ஒரு பக்கம் நியாயம் இருந்தது, அதை உன்னிடம் வாதாட வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? போராட்டம் சரி. அந்தக் கூலி நமக்கு வேண்டும். தெரு ஒன்றாக நின்றிராவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன். நீ மூங்கிலுக்குள் ஒளிந்து போனது தப்பு. இதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். நீ கேட்டால்தானே சொல்ல முடியும்.

கடைசியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், நாற்பது வருடம் கழித்து, சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த என்னிடம் நீயாகச் சொன்னாய். பேச்சுக்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

"நீ சொன்னது தப்பில்லடி. வெயில் ஏறுற வரைக்கும் பொறுத்திருந்து சொல்லியிருக்கலாம்."

நான் அடுக்கி வைத்திருந்த அத்தனை நியாயத்திலும் இதற்கு ஒரு பதில் இல்லை. மறுவாரம் நீ போய்விட்டாய். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாமா? உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்த வீட்டின்மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, என்மேல் இருப்பதைவிட நிறையக் குறைவு.

இந்தக் கிளிகளை யாருக்காவது கொடுத்துவிடும்படி எல்லோரும் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் காய் வைக்கிறேன். பத்து மணிக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்தால், போன மாதம் திருவையாற்றில் ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்தது போல, எங்கிருந்தாலும் எழுந்துவிடுவேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். நான் வர முடியாவிட்டால் அவள் எடுத்துவிடுவாள். அவள் யார், என்ன என்று நானும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

இதோ அடிக்கிறது. கேரட்டையெல்லாம் கீழே தள்ளியிருக்கின்றன, சனியன்கள். நான் போய்க் கிண்ணத்தை எடுக்க வேண்டும். மதகடியில் யாரும் நிற்கவில்லை.