சாவி பார்த்துக்கொள்கிறவன்

ஜனவரி 4, சனி

டெஸ் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த நோட்டு இது. தினமும் எழுதணுமாம், வாங்கிச் சும்மா வைக்கக் கூடாதாம். ஏழு வயசுக்காரியின் உத்தரவு. பக்கத்தை எண்ணுவாள், படிக்க மாட்டாளாம், சத்தியம் செய்திருக்கிறாள். நானோ ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பரவாயில்லை, மகள் கேட்டால் எழுத வேண்டியதுதான்.

கடற்கரைக்கு வந்தாயிற்று. அதே கேரவன் பூங்கா, கூடாரம் போட அதே நாற்பத்தொன்றாம் இடம். பக்கத்தில் லாய்ட், அவன் மனைவி நோலீன், மகன் ஆர்லோ. இரண்டு குடும்பமும் சேர்ந்து வரும் ஒன்பதாவது ஜனவரி. லாய்ட் கூடாரக் கம்பிகளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

"டேய் டாரல், எழுந்து வந்து ஒரு கம்பியைப் பிடிச்சா என்ன?"

"நான் பிடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். அப்புறம் வேடிக்கை பார்க்க என்ன இருக்கு?"

கடைசியில் நோலீன்தான் தனியாகக் கூடாரத்தை நிறுத்தினாள்.

ஜனவரி 5

வெயில். ஈ. லாய்டின் மூக்கு தக்காளி மாதிரி. எல்லாம் வழக்கப்படி.

ஜனவரி 6

எல்லோரும் தண்ணீரில். நான் மணலில், மடி நிறைய இரண்டு கார் சாவி, நான்கு தொப்பி, நோலீனின் கண்ணாடி. "பேங்க் மேனேஜர்" என்கிறான் லாய்ட். "லாக்கருக்கு வாடகை கொடு" என்கிறேன். வருஷா வருஷம் இதே பேச்சு, வருஷா வருஷம் சிரிப்பு.

டெஸ் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "அப்பா, பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புல நான் அடுத்த லெவலுக்குப் போயிட்டேன். மல்லாக்கப் படுத்து மிதப்பேன். நீயும் உள்ள வாயேன்."

"சாவியை யாரு பார்த்துக்கிறது?"

"சாவிக்குக் காலா இருக்கு, ஓடிப் போக?"

என்னை நானே கேட்டேன் — இவள் யார் மகள்? சந்தேகமே இல்லை, என் மகள்தான்.

ஒன்று எழுதுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

எழுதிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா ஆட்டுக்கு மயிர் வெட்டுகிறவர், கடலுக்கு வெகுதூரத்தில், பர்க் என்கிற ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணில் பண்ணை பண்ணையாகப் போனோம். ஆறு வறண்டு கிடக்கும். ஆனால் இந்த நாட்டில் ஐம்பது வயது ஆண்பிள்ளை நீச்சல் தெரியாது என்று சொல்வதும் நடக்கத் தெரியாது என்று சொல்வதும் ஒன்று. என் மனைவி கெர்ரிக்கும் இந்த விஷயம் தெரியாது. காதில் கோளாறு, தண்ணீர் படக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கும் இப்போது பத்து வயது, டெஸ்ஸை விட மூத்தது.

ஜனவரி 7

மணலில் கிரிக்கெட். நான் நடுவர். ஆர்லோ மூன்று முறை அவுட். மூன்று முறையும் நாய் குறுக்கே வந்தது என்று தீர்ப்பு சொன்னேன். நாயே இல்லை.

ஜனவரி 8

எப்படி எழுதுவது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை எட்டரை. லாய்டும் கெர்ரியும் ரொட்டி வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். நோலீன் கரையோரம் ஓடப் போயிருந்தாள். "பிள்ளைங்களைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

இரண்டும் மிதவைப் பலகையை எடுத்துக்கொண்டு நின்றன. டெஸ் சொன்னாள், "அப்பா, இன்னும் கொடி நடலையே. கொடி இல்லாம இறங்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க." உயிர்காப்பு ஆட்கள் ஒன்பது மணிக்குத்தான் வந்து, குளிக்க ஆபத்தில்லாத இடம் பார்த்துக் கொடி நடுவார்கள். நான் பெரிய ஆள் மாதிரி, "முட்டியளவு தண்ணிக்கு எதுக்குக் கொடி" என்றேன். இடமும் நானே பார்த்துக் கொடுத்தேன். இந்தப் பக்கம் அலை உடைகிறது, அந்தப் பக்கம் அலை உடைகிறது, நடுவில் ஒரு இடம் கண்ணாடி மாதிரி அமைதி. எங்கள் பக்கம் மாட்டுக்கு வெட்டிய குட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அசையாத தண்ணீர் என்றால் ஆபத்தில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அலை உடையாத இடத்தில்தான் தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடுமாம். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆர்லோ கரையோரம் நின்றான். டெஸ் பலகையில் படுத்திருந்தாள். காலை உதைக்கவே இல்லை, ஆனால் தூரம் போய்க்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டேன். அவள் நீந்தவில்லை, அழவில்லை. பலகையை ஒரு கையால் கட்டிக்கொண்டு மறு கையை மேலே தூக்கினாள். உதவி வேண்டுமென்றால் அப்படித்தான் செய்யணும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இறங்கினேன். இடுப்பு. மார்பு. அப்புறம் காலுக்குக் கீழே மணல் இல்லை. வாய், மூக்கு எல்லாம் உப்பு. சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். நோலீன். "இங்கேயே நில்லு. அசையாதே" என்று என்னைக் கரையில் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள்.

நின்றேன். என் பிள்ளை அங்கே, நான் இங்கே, நின்றேன்.

நோலீன் பலகையைப் பிடித்துப் பக்கவாட்டில் நீந்தி, தூரத்தில் அலை உடைகிற இடமாகப் பார்த்துக் கரையேறினாள். இரண்டு பேரும் மணலில் நடந்து வந்தார்கள். டெஸ் கையில் பலகை.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் நோலீன்.

"கால் பிடிச்சுக்கிச்சு."

டெஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 9

பிள்ளைகள் மணலில் குழி தோண்டின. நான் தொப்பியை முகத்தில் போட்டுப் படுத்திருந்தேன்.

"உங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாதுதானே?" என்றான் ஆர்லோ.

"யாரு சொன்னா? கால் பிடிச்சுக்கிச்சு. எங்கப்பா ஒருவாட்டி சுறாவையே துரத்தியிருக்காரு."

"எப்போ?"

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி."

எவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள். நான் சொல்கிற மாதிரியே, அதே இழுவை, அதே முகம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரவு பல் தேய்க்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று, வாயில் நுரையோடு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா" என்றாள்.

எனக்காகப் பொய் சொல்கிறாள். ஏழு வயசு.

ஜனவரி 10

மதியம், சாசேஜ் சுட்டுக்கொண்டே சொன்னேன். "எனக்கு நீச்சல் தெரியாது."

லாய்டுக்குப் புரையேறி பீர் மூக்கு வழியாக வந்தது. "அடுத்து என்னடா, சாசேஜ் சுடவும் தெரியாதுன்னு சொல்லு." கெர்ரியும் சிரித்தாள். ஆயுள் முழுக்க விளையாட்டாகவே பேசியவன் ஒருநாள் நிஜம் சொன்னால் இதுதான் கதி.

இடுக்கியைக் கீழே வைத்தேன். "ஒன்பது வருஷத்துல என் தலை நனைஞ்சு யாராவது பார்த்திருக்கீங்களா?"

லாய்ட் யோசித்தான். "போன வருஷம்... இல்ல, அப்போ உனக்கு முதுகுவலி. அதுக்கு முந்தி..." நிறுத்திவிட்டான். சாசேஜ் கருகத் தொடங்கியது.

கெர்ரி மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்தக் காது?"

"காது நல்லாத்தான் இருக்கு."

"பத்து வருஷமா சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தேனே."

"போட்டுக்கிட்டேனே, கெர்ரி. ஒருநாள்கூட விட்டதில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

நோலீன் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை என் பையனை உன்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். ஆர்லோவின் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள்.

டெஸ் கருகிய சாசேஜை எடுத்துக் கடித்தாள். "சுறா கதையும் பொய்னு நான் ஆர்லோகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"சொல்லணும்."

"கஷ்டமா இருக்கும்."

"தெரியும்."

ஜனவரி 11

நோலீன் பேசவில்லை. என்னிடம் கேலி எதுவும் மிச்சமில்லை.

ஜனவரி 12

கிளம்புகிறோம். இந்த முறை கூடாரக் கம்பிகளை நான்தான் பிரித்தேன். நோலீன் வந்து மறுமுனையைப் பிடித்தாள். எல்லாம் பையில் போன பிறகு சொன்னாள், "அடுத்த ஜனவரியும் பக்கத்துலதான் போடுவோம். ஆனா உன் தலை நனைஞ்சிருக்கணும்."

நான் வாயைத் திறந்தேன்.

"காமெடி பண்ணாதே டாரல். சரின்னு மட்டும் சொல்லு."

சரி என்றேன்.

பிப்ரவரி 15, சனி

ஒரு மாதமாக எழுதவில்லை. டெஸ் வெற்றுப் பக்கங்களை எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

எங்கள் ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில் இன்று முதல் வகுப்பு. என்னோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் ஐந்து வயது ஆகவில்லை. சொல்லித் தருகிற பெண் இருபது வயதுகூடத் தாண்டியிருக்க மாட்டாள். எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சை விட்டுக் குமிழி விட வேண்டும். பக்கத்தில் நின்ற பொடியன் என் தொப்பையைப் பார்த்து, "நீங்க பாஸாகலையா?" என்று கேட்டான். "நாப்பத்தஞ்சு தடவை" என்றேன். பாவம் என்று பார்த்தான்.

இறங்குவதற்கு முன் பழக்கதோஷத்தில் கார் சாவி என் கையிலேயே இருந்தது. படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். கூட வந்திருந்த டெஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டாள். என் தொப்பியையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"நீ போ. நான் பார்த்துக்கிறேன்."

தலை நனைந்தது.