ஜெபக் குறிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கும் அக்காவின் கணவர், இன்னொருத்தியோடு போய்விட்டார். அக்கா என்னிடம் மட்டும்தான் சொல்லி அழுதார். நானோ ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில், “அக்காவுக்காக ஜெபிங்க” என்று எழுந்து, கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அது எனக்கு இனித்தது அம்மா, அதுதான் வெட்கம்.

மறுநாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி அக்கா, “ஜெபம்னு சொல்லி என்னை ஊருக்கே விரிச்சுக் காட்டிட்டியேடி” என்றார். அதோடு பேச்சு நின்றது. முனைகளைச் சேர்க்கும்போது கைகள் மட்டும் தொட்டுக்கொள்கின்றன.

பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். இங்கே பேச ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. எனக்காக ஜெபியுங்கள். சபையில் எழுந்து காரணம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்