முதலாளி ஆகிவிட்டால் யாரைத் திட்டுவது

என் கண்ணுக்கு,

அப்பாவின் தொண்டை ஒன்றைத் தவிர இங்கே வீட்டில் எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை போனில் பேசும்போது இருமினாயே, கேட்டால் குளிர்தான் என்றாய், குளிரென்றால் காதை மூடிக்கொள், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரில் பெரிதாக ஒரு கறை வந்திருக்கிறது, அப்பா அதை நின்று பார்த்துவிட்டு அப்படியே கோல்போஸ்ட் மாதிரி இருக்கிறது என்கிறார், ஒழுகலை அடைக்க ஆள் கூட்டி வருவாரா என்றால் அதைக் காணோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் உளறிவிடுவேன். கடிதமென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

அப்பாவின் கால்பந்து கிளப் மூழ்கிப்போகப் பார்த்தது. கிளப் முதலாளியான டைல்ஸ் கடைக்காரர், மேட்ச் நடக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விடுவாரே, அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. முதலில் மைதானத்தில் கரண்டைப் பிடுங்கினார்கள். அப்புறம் புல் வெட்டும் மெஷினைக் கடன்காரன் தூக்கிக்கொண்டு போனான். புல் முழங்கால் உயரம் வளர்ந்து, ஒரு சனிக்கிழமை பந்து நம் கோலுக்குப் பக்கத்திலேயே தொலைந்துபோய், இரண்டு டீம் ஆட்களும் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே கடைசி விசிலை ஊதிவிட்டார்களாம். இந்த வருஷம் நாம் தோற்காத ஒரே மேட்ச் அதுதான் என்று அப்பா பெருமையோடு வந்து சொன்னார். அடுத்ததாகச் சலவைக்காரர் பாக்கி வராமல் துணியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார், உடனே ரசிகர்கள் கூடி ஆளுக்கொரு ஜெர்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துத் தருவதென்று முடிவு செய்தார்கள். பதினோரு சிவப்பு ஜெர்சி பதினோரு வீட்டுக்குப் போய்ப் பதினோரு நிறத்தில் திரும்பி வந்தது. பேக்கரிக்காரர் வீட்டில் ப்ளீச்சில் ஊறியது ரோஸ், பல் டாக்டர் வீட்டில் ஜீன்ஸோடு சுற்றியது ஊதா. நம் வீட்டுக்கு வந்தது ஒன்பதாம் நம்பர், என்னைக் கிட்டேயே விடவில்லை, அப்பாவே கொதிக்கிற வெந்நீரில் போட்டு அலசினார், கிருமி சாக வேண்டுமாம். கிருமி செத்ததோ இல்லையோ, அந்த ஒன்பதாம் நம்பர்க்காரர் தொப்புள் தெரிய ஓடினார். யார் எந்த டீம் என்று விளங்காமல் நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

அந்த வாரம்தான் டைல்ஸ்காரர் கையை விரித்தார். மாசக் கடைசியில் கிளப்பை மூடுகிறேன், மைதானத்தை லாரி நிறுத்தக் கேட்கிறார்கள், வேண்டுமென்றால் ரசிகர்கள் நீங்களே எடுத்து நடத்துங்கள், ஒரு டீக் காசு கொடுத்தால் போதும், கடனை இலவசமாகச் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடனை அடைக்க ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கலாமா என்று ரசிகர்களுக்குள் பேச்சு. கேட்டு வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேட்ச் இல்லாத சனிக்கிழமை மத்தியானம் ஷூவை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக இந்த மனிதர் ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் இருக்க மாட்டாரா என்று நான் வாய் ஓயாமல் திட்டியது உனக்குத் தெரியும், இருந்தபோதுதான் தெரிந்தது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு மத்தியானம்கூடத் தாங்க முடியாது. ராத்திரி சாப்பிடும்போது, பாப்பாவிடம் போய்வர டிக்கெட் இப்போது என்ன விலை இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பொருளுக்கும் விலை கேட்டறியாத மனிதர். ஒரு பங்குக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று நான் நேராகவே கேட்டேன். சொன்னார். உன்னிடம் வருவதற்கு நாங்கள் சேர்த்து வைத்திருந்ததும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன், பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தம் போட்டன.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கும் அறையில் கூட்டம். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நான் பாட்டுக்கு வீட்டில் இருந்திருக்க வேண்டும். தொண்டைக்கு மருந்து கொடுக்கிற சாக்கில் போய், பணத்தைப் பற்றி அவர் வாய்விடுவதற்குள் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். போனால் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, யார் தலைவர் என்பதிலேயே சண்டை. தலைக்குத் தலை நாட்டாமை. பஸ் டிரைவரைச் சொன்னால் அவர் கோல்கீப்பரை மாற்றச் சொல்லும் கட்சி என்கிறார்கள், தையல்காரரைச் சொன்னால் அவர் மாற்றக் கூடாது என்கிற கட்சி. அப்போது மருந்து பாட்டிலோடு வாசலில் நின்ற என்னைப் பேக்கரிக்காரர் காட்டினார். "இந்தம்மாவுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னுகூடத் தெரியாது. இவங்களை விட்டா நடுநிலையான ஆள் கிடைக்காது." எல்லோரும் கை தட்டினார்கள், உன் அப்பாதான் அதிகமாகத் தட்டினார். என்னை ஒரு மாவு மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டார்கள்.

கூட்டம் நடத்திய லட்சணத்தைக் கேள். நாற்பத்தைந்து நிமிஷம் பேசி இடைவேளை விட்டார்கள், டீ குடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கமுமாக மாறி உட்கார்ந்தார்கள். வாங்கலாம் என்பவர்கள் இடது பக்கம், வேண்டாம் என்பவர்கள் வலது பக்கம் என்று நான்தான் முதலில் பிரித்து வைத்திருந்தேன், அத்தனையும் போச்சு, முதலிலிருந்து கை தூக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் பல் டாக்டர் எழுந்து ஒரு போடு போட்டார். "நாமளே முதலாளி ஆயிட்டா அப்புறம் தோத்தா யாரைத் திட்டுறது? அதை யோசிச்சீங்களா?" அவ்வளவுதான், வாங்கலாம் என்று குதித்தவர்கள்கூடத் தலையைச் சொறிந்தார்கள். முப்பது வருஷமாக முதலாளியைத் திட்டித்தான் இவர்கள் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள், அந்தச் சுகம் போய்விடுமே. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "என்னைத் திட்டுங்க. தலைவர் எதுக்கு இருக்கேன்? வீட்டுலயும் பழகினதுதான்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது. கைகள் ஒவ்வொன்றாக ஏறின. எண்ணிப் பார்த்தால் வேண்டும், வேண்டாம் இரண்டும் சரிபாதி. சமமாக வந்தால் தலைவர்தான் முடிவு சொல்ல வேண்டுமாம்.

அந்த நேரத்தில் உன் அப்பாவைத் தேடினேன். மனிதர் கையைத் தூக்கினபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். பெனால்டி அடிக்கும்போது அப்பா பார்க்கவே மாட்டார், என்ன ஆச்சு என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் நீ வந்து சிரிப்பாயே, அதேதான். சட்டை முதுகெல்லாம் மாவு. கண்ணு, எனக்கு உன் முகம்தான் முன்னால் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக உன்னைத் தொட்டுப் பார்க்கவில்லை, நீ மெலிந்திருக்கிறாயா என்று போனில் பார்த்தால் தெரிகிறதா. அந்த முதுகையும் பார்த்தேன். வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே கூச்சல், அவர் மட்டும் திரும்பவே இல்லை. நான் மூட்டையிலிருந்து இறங்கிப் போய்த் தோளைத் தொட்டேன். "என்ன ஆச்சு?" என்றார். "வாங்கியாச்சு. திரும்புங்க" என்றேன். திரும்பினார், அழுதார், மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் புல் மெஷினை மீட்க வேண்டும் என்றார்.

ஆக, இந்த வருஷம் நாங்கள் வரவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் உன் அம்மாவை லேசாக எடை போட்டுவிடாதே. பணம் கட்டும்போது அப்பா பங்கை உன் பேரில் போட்டுவிட்டார், எனக்கென்ன, தலைவரே என் வீட்டில்தான் இருக்கிறார் என்றார். விதிகளை எழுதும் பொறுப்பு தலைவருடையது. நான் இதுவரை ஒரே ஒரு விதிதான் எழுதியிருக்கிறேன், அதையும் எல்லோரும் கை தூக்கி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பங்குக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மேட்சாவது மைதானத்தில் நேரில் வந்து பார்க்க வேண்டும், வராதவர்கள் பங்கு பல் டாக்டருக்குப் போய்விடும். அந்த ஆளுக்கு உன் பங்கு போவதை அப்பாவின் உடம்பு தாங்காது.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், மாப்பிள்ளையும் நீயும் மனம் கோணாமல் வாழ வேண்டும் என்று இருவரும் உங்களை மனதார வாழ்த்துகிறோம். இருமலுக்கு டாக்டரைப் பார், பல் டாக்டரை அல்ல. லீவுக்கு இன்றே எழுதிக் கொடு. வரும்போது உனக்கென்று ஒரு சிவப்புச் சட்டை கொண்டுவா, துவைக்க மட்டும் அப்பா கையில் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வருகையை விதிப்படி எதிர்பார்க்கும்
அம்மா,
தலைவர்.