திருப்பி வாங்கிய நேர்ச்சை

கொட்டாஞ்சேனை,
13.03.2026, வெள்ளி.

அன்பு மகள் ரூபிகாவுக்கு,

யேசுவின் சமாதானம் உனக்கும் மருமகன் பிரியந்தனுக்கும் கிடைக்க மன்றாடுகிறேன். அடுத்த வரியில் இங்கு எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திவிட்டேன். அப்பா சுகம். நான் சுகமில்லை. நின்றுகொண்டு வாசிக்காதே மகள், எங்காவது இருந்து வாசி. என் இடது மார்பில் ஒரு கட்டி. தசை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். வருகிற புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டி விஷயத்தைப் போனிலேயே சொல்ல மூன்று தரம் முயன்றேன், வீடியோவில் உன் முகம் வந்ததும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். கீழ்வீட்டு ஹமீமாவின் மகள் ஆதிபா பெருநாளுக்குக்கூட நிற்காமல் நாளைக்கு மெல்பேர்னுக்குத் திரும்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை இதை உன் கையில் தருவாள். வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகுதான் உனக்குச் சொல்வேன், அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததையே நான்காம் நாள்தான் சொன்னேன். இந்த முறை முன்னமே சொல்கிறேன்.

கட்டி எப்போதிருந்து என்று கேட்பாய். ஜனவரியில், மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த கிழமை, குளிக்கும்போது கையில் பட்டது. அப்பாவைத் தூக்கி இருத்துகிற ஆளுக்கு நரம்பு புரண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு கையை உயர்த்தினால் நோவு தொடங்கியது. இனி எழுதப்போவதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலில் முழங்காலில் இருந்தபோது ஆண்டவருக்கு ஒரு நேர்ச்சை வைத்தேன். இந்த நோவை ஒருவருக்கும் சொல்லாமல், டொக்டரிடம் போகாமல், ஒரு பனடோல்கூடப் போடாமல், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தாங்குவேன், அதற்குப் பதிலாக என் பிள்ளையின் மடியில் ஒரு பிள்ளையைக் கொடு, வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள் என்றேன். மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவார்கள், தேத்தண்ணிக்குச் சீனியை விடுவார்கள். உன் அம்மா டொக்டரை விட்டாள். அதோடு நின்றேனா, ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி ஒன்றும் தவறவில்லை, ஒரு வெள்ளி சிலுவைப்பாதை தவறவில்லை, பீடத்துணி தோய்த்து இஸ்திரி போடுகிற முறையையும் உன் சித்தி றஞ்சிதத்துக்கு விட்டுக்கொடுக்காமல் நானே எடுத்தேன். நோவு கூடக்கூட நேர்ச்சை பலிக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. பைத்தியக்காரி என்று நீ திட்டுவாய், திட்டு.

இந்த வருஷம் விபூதிப் புதனுக்கு அடுத்த நாளே ஹமீமாவுக்குத் தலைநோன்பு. ஐந்தாம் நோன்போ ஆறாம் நோன்போ, நோன்புக் கஞ்சி ஒரு சட்டியோடு மேலே ஏறி வந்தாள். வந்தவள் மூச்சு இளைக்க இளைக்க என் குசினியில் நின்று ஒரு கிளாஸ் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. என்ன ஹமீமா, பாங்கு சொல்ல முதலே திறந்துவிட்டீரோ என்று பகிடி பண்ணினேன். பகிடிதான், ஆனால் அதற்குள் என் பெருமையும் இருந்தது, நான் விரதம் முறிக்கிற ஆள் இல்லை என்று. அவள் கோபிக்கவில்லை. சீனி வருத்தம் கூடிவிட்டது, டொக்டர் நோன்பு வேண்டாம் என்றுவிட்டார் என்றாள். “சொகமில்லாத ஆளுக்கு அல்லாஹ்வே உட்டுத் தந்தீக்கிறான் அக்கா, அவனுக்கு மேலால வீரம் காட்ட நான் யாரு” என்று சொல்லிக்கொண்டே சட்டியை நீட்டினாள். நான் இடது கையைக் கொடுத்தேன். கை ஏந்தவில்லை. கஞ்சி முழுக்க நிலத்தில். அவள் கஞ்சியைப் பார்க்கவில்லை, நான் கமக்கட்டைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு எல்லாம் கொட்டிவிட்டது, நேர்ச்சை உட்பட. இப்படிச் செய்யச் சொல்லி ஒங்கட பாதர் சொன்னாரா என்றாள். இல்லை. உபதேசியார் சொன்னாரா என்றாள். இல்லை. ஒருவரும் சொல்லவில்லை மகள், நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் காலமை த்ரீவீலரைப் பிடித்துக்கொண்டு படியடியில் நின்று கத்தினாள், நான் சீலை மாற்றும் வரைக்கும் கத்தினாள்.

த்ரீவீலரில் போகும்போது ஒன்று நினைத்தேன். இதே கட்டியோடு நீ ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் பிளேன் ஏறி வந்து உன்னை அடித்திருப்பேன். றஞ்சிதம் அப்படி இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். எனக்கென்றால் மட்டும் அது பக்தி. கிளினிக்கில் டொக்டர் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். “அய் அம்மே மெச்சற பறக்கு” என்று சிங்களத்தில் கேட்டாள், ஏன் அம்மா இவ்வளவு பிந்தினீர்கள் என்று. கட்டி கமக்கட்டு வரைக்கும் போயிருக்கிறதா என்று வெட்டிப் பார்த்துத்தான் சொல்வார்களாம். ஜனவரியிலேயே வந்திருந்தால் என்ற கேள்வியை நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. பயமாக இருக்கிறது மகள். செபமாலை உருட்டும்போதும் பயமாகத்தான் இருக்கிறது, பயம் வந்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று என்னை நானே குத்துவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். பயப்படுகிறேன் என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டு அடுத்த மணியைப் பிடிக்கிறேன்.

அப்பாவை யார் பார்ப்பது என்று யோசிக்காதே. றஞ்சிதம் வருகிற திங்கட்கிழமையிலிருந்து வந்து நிற்பாள். பழகட்டும் என்று நேற்று வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, சாறத்தைக் கட்டிய விதத்தில் அவர் வாசலுக்குப் போக முதல் அது அவிழ்ந்துவிட்டது. பறித்து நானே கட்டத்தான் கை துடித்தது. கதிரையை விட்டு எழும்பவில்லை, இது எனக்கு ஒரு பெரிய ஒறுத்தல் என்று எழுதிக்கொள். அப்பாவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அந்த வாயில் இப்போது நாலு சொல்தானே வருகிறது. நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வா” என்றார்.

இனி உன் கதை. கார்த்திகையில் நீ பிள்ளையை இழந்து, பெட்டி தூக்கினது என் பிழை, வேலைக்குப் போனது என் பிழை, ஆண்டவர் தண்டித்துவிட்டார் என்று போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன்? அழாதே, ஒப்புக்கொடு, உன் வயதில் நான் இதைவிடத் தாங்கினேன் என்றேன். அதோடு நீ என்னிடம் அழுவதை விட்டுவிட்டாய். இரட்டை ஷிஃப்ட் செய்கிறாய் என்றும், டொக்டர் வரச் சொன்ன திகதிக்கு இரண்டு தரம் போகவில்லை என்றும், சாப்பாட்டைத் தொடுவதில்லை என்றும் பிரியந்தன் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, நீயும் உனக்கு ஒருவரும் சொல்லாத ஒரு தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறாய். அதை நான்தான் பழக்கிவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது பிழை, என்னை மன்னித்துக்கொள். அது உன் பிழை இல்லை. அழ வேண்டுமென்றால் அழு, நான் போனை வைக்க மாட்டேன். புதன்கிழமைக்கு முதல் டொக்டரிடம் புதுத் திகதி எடுத்து, அந்தத் துண்டுச் சீட்டைப் போனில் எனக்கு அனுப்பு. என் துண்டையும் உனக்கு அனுப்புகிறேன், யார் ஏமாற்றுகிறோம் என்று பார்ப்போம். ஓடி வரவேண்டாம், முதலில் ஒரு தட்டுச் சோறு சாப்பிடு.

இன்றைக்குச் சிலுவைப்பாதைக்கு நான் போகவில்லை. அதற்கு முதல், வெறும் கோவிலில் போய், முழங்காலில் இல்லை, வாங்குப் பலகையிலேயே சாய்ந்து இருந்தேன். விபூதிப் புதனன்று வைத்த நேர்ச்சையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பதிலாக இது என்று இனிப் பேசமாட்டேன், நேராகவே கேட்கிறேன் என்றேன். அவளுக்கு ஒரு பிள்ளையைத் தா. அதைத் தூக்க எனக்கு இந்த இடது கையையும் தா.

மாதாவின் காவல் உன்னோடு வருவதாக. உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறேன். துண்டை மறக்காதே.

உன் அம்மா,
ஜெசிந்தா