லைன் சரியான நாள்

2008, கார்த்திகை மாசம், செவ்வாய் ராத்திரி.

எழுத எனக்கே வெக்கமா கீது. வயரில்லாம நெட்டு குடுக்கற ரூட்டரு பொட்டி மேல தூசி படக்கூடாதுன்னு இரும்பு பீரோவுல வெச்சிப் பூட்டியிருந்தேன். துபாய்ல கீற எங்க வூட்டுக்காரரு நெட்டு போன்ல பேசறது அதனாலதான் வெட்டி வெட்டி வருதாம். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பாத்துட்டு, "இன்னாக்கா, நகைன்னு நெனச்சிக்கினியா?"ன்னு சிரிச்சாரு. வெளிய எடுத்து சமையக்கட்டு பலகை மேல வெச்சாரு. வேற எது ஓடினாலும் போன் பேச்சுக்குத்தான் மொதல்ல வழி வுடணும்னு செட்டிங் மாத்திட்டுப் போனாரு.

சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு கூப்பிட்டாரு. பக்கத்து ரூம்ல நின்னு பேசற மாதிரி கேட்டுச்சி. "இன்னாய்யா, அங்க வேற ஒருத்திய கட்டிக்கினியா?"ன்னு சீண்டினேன். அவரு சிரிக்கல. மூச்சு வாங்கறது தெளிவா கேட்டுச்சி. எப்பவும் போல, "லைனு சரியில்ல புள்ள"ன்னாரு.

"லைனு நல்லாத்தான் கீதுய்யா"ன்னேன். அவருக்குப் பின்னால யாரோ, "அண்ணன படுக்கச் சொல்லு"ன்னாங்க. "பத்து நிமிசத்துல கூப்பிடறேன்"னு வெச்சிட்டாரு.

இத்தினி மாசமா பீரோதான் பேச்ச வெட்டிச்சா, இல்ல ஒடம்பு முடியாதத மறைக்க அவரே வெட்டினாரா...

எழுந்து லைட்டு போடப் போனேன். தரையில கெடந்த வயரு கால்ல மாட்டி, பொட்டி இட்லி மாவு குண்டான்ல வுழுந்துச்சி. மாவு நாலு படி. பொட்டியில ஒரு வெளக்கும் எரியல.