கூம் விற்ற ஜீப்

அக்டோபர் 14

காலையில் ஜீப் மறுபடி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. வலது பின்பக்கம் தரையோடு தரை. ராய்கோ வழக்கம்போலச் சக்கரத்தை இரண்டு உதை உதைத்தான். புருஷன் உதைத்தால் ஜீப் எழுந்துவிடுமா என்ன? இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் முனகிக்கொண்டே மெதுவாக எழும். அதற்குள் என் முதல் வகுப்பு முடிந்துவிடும்.

பால் லாரியில் ஏறிப் பள்ளிக்கூடம் போனேன், ஐந்து மாதம் முடிந்த வயிற்றோடு. ஆறாம் வகுப்புக்கு ஆல்ப்ஸ் மலை நடத்தும்போதெல்லாம் என் சின்னச் சிவப்புக் கார்தான் நினைவுக்கு வந்தது. பழைய கார்தான். சூடுகூட ஒழுங்காக வராது. ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும். அதை ஜூலையில் விற்றோம். பிரசவம் பிப்ரவரியில், பனியில், நிக்ஷிச் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்றார்கள். சரி என்று தலையாட்டியவள் நான்தான்.

அக்டோபர் 19

மியாத்தின் பட்டறை. மூடியைத் திறந்ததுமே கேட்டான்: "யாருங்க இதுல கை வச்சது?"

இந்தப் பக்கத்து மெக்கானிக் எல்லோருக்கும் வாயைத் திறந்தால் வருகிற முதல் கேள்வி இது. "நீதான், போன மாசம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "அப்ப எனக்கு முன்னாடி எவனோ வச்சிருக்கான்."

இந்த ஜீப்புக்கு ஸ்பிரிங் கிடையாதாம். காற்றுப் பைதானாம். பை கிழிந்திருக்கிறதாம். ஜெர்மனியிலிருந்து வரவேண்டுமாம். விலையைச் சொன்னான். என் ஒரு மாதச் சம்பளம். ஒரு பைக்கு.

"இப்படி ஒரு வண்டியை உங்க தலையில கட்டுனது யாரு?" என்றான் மியாத்.

ராய்கோ கூரையைப் பார்த்தான். "கூம்."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். "நல்ல வண்டிதான்" என்றான்.

அக்டோபர் 20

தூக்கம் வரவில்லை. எழுதித் தீர்க்கிறேன்.

வுகோட்டா எங்கள் கூம். கல்யாணத்தில் எங்களுக்குச் சாட்சி நின்றவன். அவனுக்கு ராய்கோவும் கூம், நான் கூமா. நாளைக்கு என் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைக்கப்போகிறவனும் அவனே. கூடப் பிறந்தவனைத் திட்டலாம், மாமியாரைத் திட்டலாம், பாதிரியாரைக்கூடத் திட்டலாம். கூமைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லக் கூடாது. சொன்னால் வீடு விளங்காதாம்.

அவன் விற்கும் வண்டியை வாங்குமுன் மெக்கானிக்கிடம் காட்டக் கூடாது. காட்டினால் கூமை நம்பவில்லை என்று அர்த்தம். பேரம் பேசக் கூடாது. கூமிடம் பேரமா? ஓட்டிப் பார்க்கக்கூட ராய்கோ வெட்கப்பட்டான். மியூனிக் பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா, ரிட்டயர் ஆனவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிய வண்டி என்றான் வுகோட்டா. ஓட்டுநர் சீட் கிழிந்து பஞ்சு தெரிகிறது. பின்னால் இழுவைக் கொக்கி தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. அந்த அம்மாள் சர்ச்சையே கட்டி இழுத்துக்கொண்டு போனாளோ?

வெளியே பேசும்போது "அவர்" என்றுதான் சொல்கிறேன். "கூம் வந்தார், கூம் சாப்பிட்டார்." இங்கே மட்டும் அவன். அவன், அவன், அவன். இப்போது தூக்கம் வருகிறது.

அக்டோபர் 27

அம்மா வீட்டு மரத்திலிருந்து இரண்டு கூடை சீமைமாதுளை. பாதி வழியில் டாஷ்போர்டு முழுக்க விளக்கு எரிந்தது, ஏதோ ஜெர்மன் மொழியில் கத்தியது, பிறகு ஜீப் நின்றுவிட்டது. நின்ற வேகத்தில் கூடை கவிழ்ந்து பழமெல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டது. மியாத் வரும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். வண்டிக்குள் மட்டும் வாசனை கமகமவென்று.

"பொண்ணு பொறந்தா துன்யான்னு பேரு வைக்கணும்" என்றேன். எங்கள் மொழியில் இந்தப் பழத்தின் பேர்தானே, இதைவிட வாசனையான பேர் உண்டா?

ராய்கோ கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தில் எறிந்தான். "பேரு வைக்கிறது கூமோட உரிமை, தாரா."

"வண்டி விக்கிறதும் அவர் உரிமை. பேரு வைக்கிறதும் அவர் உரிமை. பெத்துப் போடுறது மட்டும் நானா?"

ராய்கோ குனிந்தான். இன்னொரு கல்.

நவம்பர் 16

அந்தப் பை போட்டாயிற்று. இப்போது டர்போவாம்.

மாலையில் வுகோட்டாவின் போன். ராய்கோ ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன கூமே, எப்படி இருக்கு நம்ம சிங்கம்?"

"பிரமாதம் கூமே. பறக்குது."

சிங்கம் அந்த நேரத்தில் மியாத்தின் பட்டறையில் வயிறு திறந்து கிடந்தது. நான் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன். வைத்தேன், போடவில்லை. மாமியார் ஸ்தானா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நாடகம்?" என்று ராய்கோவிடம் கேட்டேன். "பனியில வழியில நின்னுச்சுன்னா உங்க மரியாதை வந்து பிரசவம் பார்க்குமா?"

"நான் என்னடி செய்யட்டும்? கூம் மூஞ்சியப் பார்த்து நீங்க ஏமாத்திட்டீங்கன்னு சொல்லவா? எங்கப்பா கல்லறையில திரும்பிப் படுப்பார்."

படுக்கட்டுமே. நான் இங்கே ஒரு பக்கமாகத்தான் படுக்கிறேன்.

டிசம்பர் 2

மறுபடியும். இந்தத் தரம் கதவு. உள்ளே இருந்தும் திறக்கவில்லை, வெளியே இருந்தும் திறக்கவில்லை. வயிற்றை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு முழுவதும் வேடிக்கை பார்த்தது.

டிசம்பர் 20

நேற்று புனித நிக்கோலா நாள், எங்கள் குலத் திருநாள். செய்துவிட்டேன்.

வீடு நிறைய ஆட்கள். பாதிரியார் ரொட்டியை வெட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார். விரத நாள் என்பதால் மீனும் பீன்ஸும், ரக்கியாச் சாராயத்துக்கு மட்டும் விரதம் இல்லை. வுகோட்டா மேசைத் தலைப்பில், கூமுக்கு உரிய இடத்தில். அவன் வண்டியைப் பற்றித்தான் பேசினான். "என் கூமுக்கு நான் சும்மா எதையாவது கொடுப்பேனா? சிங்கத்தைக் கொடுத்திருக்கேன்." அடுத்து பெயர். "பையன்னா வுகாஷின். பொண்ணுன்னா எங்க அத்தை பேரு, ஸ்தமேனா." எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஸ்தமேனா!

எழுந்து நின்றேன். திட்டக் கூடாது, தெரியும். ஆனால் கேட்கலாமே. கேட்பதற்கு என்று எங்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் பழிவாங்க வந்தவன்கூடக் கத்தியைக் கீழே வைக்கவேண்டும். கூம் எப்படி மறுப்பான்?

"கூமே," என்றேன், "கடவுள் பேராலயும் புனித யோவான் பேராலயும் உங்களைக் கேக்குறேன்."

ராய்கோவுக்கு முகம் வெளுத்தது. நான் திட்டப்போகிறேன் என்றே நினைத்திருப்பான்.

"சொல்லு கூமா. உயிரையே கேளு" என்றான் வுகோட்டா.

"எனக்கு வலி எடுக்கிற அன்னைக்கு நீங்கதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இதே ஜீப்புல. வேற வண்டி வேண்டாம், வேற கை வேண்டாம். நீங்க கொடுத்த வண்டி, நீங்க ஓட்டணும். அப்பதான் எனக்குத் தைரியம்."

பக்கத்து வீட்டு மிலோஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்றா, எவ்வளவு நம்பிக்கை" என்றார். வுகோட்டா கோப்பையைக் கீழே வைத்தான். ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தான். அங்கே பனியில் சிங்கம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது.

"உன் இஷ்டம் கூமா" என்றான்.

மாமியார் சமையலறையில் என்னைத் தாண்டிப் போகும்போது, என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

டிசம்பர் 21

விடிந்ததும் வந்தான், இழுவை லாரியோடு. "சும்மா ஒரு தரம் பார்த்துக் கொடுத்துடறேன்" என்றான். ராய்கோ பணத்தை எடுத்தான். "கூம்கிட்ட காசா?" என்று கோபித்துக்கொண்டான் வுகோட்டா. ஜூலையில் எண்ணி வாங்கியபோது இந்தக் கோபம் எங்கே போயிருந்தது?

ஜனவரி 20

யோவான் நாள். ஜீப் திரும்பி வந்திருக்கிறது. நாலு காற்றுப் பையும் புதுசு, டர்போ புதுசு, சக்கரமும் புதுசு. அவன் மனைவி போனில் சிரிக்கிறாள்: "என்ன செஞ்சே கூமா இந்த ஆளை? ராத்திரியில எழுந்து 'ஆயிலு, ஆயிலு'ன்னு பேசறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் என்னை ரோட்டில் நிற்க வைத்தபோது நன்றாகத் தூங்கினானே.

ஜனவரி 29

பனி கொட்டுகிறது. வுகோட்டா பெட்டியோடு வந்து எங்கள் சமையலறை சோபாவில் குடியேறிவிட்டான். மணிக்கொரு தரம் வெளியே போய் ஜீப்பைக் கிளப்பிப் பார்க்கிறான். நான் தும்மினால்கூட எழுந்து நிற்கிறான்.

பிப்ரவரி 6, ஆஸ்பத்திரி

பெண். நன்றாக இருக்கிறாள். நானும்.

நாலாம் தேதி காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. வுகோட்டா கோப்பையைக் கவிழ்த்துவிட்டு ஓடினான். நான் பின் சீட்டில் வலது பக்கம், பக்கத்தில் ராய்கோ. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஏறினோம். கணவாய் உச்சியில் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. வுகோட்டா தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தான்.

"கூமே, தொப்பிய எடுங்க."

"வெயில் கண்ணைக் கூசுது கூமா."

வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி.

அங்கேதான் எனக்கு எல்லாம் வெடித்தது. பொய்யன் என்றேன். உன் பல் டாக்டரம்மா பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும் என்றேன். வெட்கமில்லாமல் என் வீட்டு மேசைத் தலைப்பில் உட்கார்ந்து சிங்கம் என்கிறாயே, என் சிவப்புக் காரைத் திருப்பிக் கொடு என்றேன். ஸ்தமேனா என்று மட்டும் வைத்துப் பார், துன்யா, அவள் பேரு துன்யா என்று கத்தினேன்.

ராய்கோ நடுங்கிப்போனான். "வலியில பேசுறா கூமே. மனசுல வச்சுக்காதீங்க."

"பேசட்டும் கூமே" என்றான் வுகோட்டா. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது. "வலிக்குதில்ல, பேசட்டும். பேசு கூமா. நான் எதையும் கேக்கல."

வலியில் பேசியது கணக்கில் வராதாம். நல்லது. முதல் பாதி வலிதான். இரண்டாம் பாதியில் வலி விட்டிருந்தது, அது நான். அவனுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஜீப் வழியில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ஒரு பெருமூச்சு விட்டு, வழக்கமான அதே பக்கம், என் பக்கம், மெதுவாக உட்கார்ந்தது. புதுப் பையெல்லாம் போட்டும்! இறங்குவதற்கு என்னவோ வசதியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 11

ஜீப்பை விற்கிறோம். ராய்கோ போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒரு டீச்சரம்மா ஓட்டுனதுங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டும்." போனைப் பிடுங்கி, பை, டர்போ, கதவு, தொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் எங்களுக்குக் கூம் இல்லையே, சொல்லலாமே. "உண்மையச் சொன்னதுக்கு நன்றிம்மா" என்று வைத்துவிட்டார். ஜீப் இன்னும் முற்றத்தில்தான் இருக்கிறது.

மே 4

ஞானஸ்நானம் முடிந்தது. குழந்தை அழவே இல்லை, தண்ணீரில் காலை உதைத்துப் பாதிரியாரின் தாடியை நனைத்தாள்.

பாதிரியார் கூமைப் பார்த்துக் கேட்டார், பேர் என்ன என்று. நான் ராய்கோவின் கையைப் பிடித்திருந்தேன், நசுக்கிவிட்டேன் போலிருக்கிறது. கூமின் முகத்தையே பார்த்தேன். மூன்று மாதமாக அவர் வாயிலிருந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஜீப்பில் நான் எதுவும் சொல்லவில்லை, அவர் எதுவும் கேட்கவில்லை என்றுதானே கணக்கு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"துன்யா."

வுகோட்டாவின் அத்தை வழி உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டின்போது கேட்டவர்களிடமெல்லாம் வுகோட்டாவின் விளக்கம்: "நானே யோசிச்சு வச்ச பேரு. அந்த ஜீப்புக்குள்ள ஏறினா இன்னும் அந்தப் பழ வாசனைதான். சீட்டுக்கடியில ஒண்ணு காய்ஞ்சு கிடந்துச்சு." நானே யோசித்ததாம்! அவனுக்கு வாய் மட்டும் குறையவில்லை. நான் அவன் கோப்பையை நிரப்பினேன். "நல்ல பேரு கூமே" என்றேன்.

எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். மேலே மூன்று இடத்தில் "அவர்" என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். துன்யா அழுதாள், போய்விட்டு வந்தேன். அப்படியே இருக்கட்டும்.