பூட்டில்லாத சாவி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய், நானும் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தரச்சான்று கிடைக்காவிட்டால் தடுப்பூசி அறையை மூடிவிடுவார்கள் என்றிருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை பேரால் முடியும், நீயே சொல்.

போன வாரம் ஆய்வுக் குழு வந்தது. அதற்கு நாங்கள் செய்த அமர்க்களத்தைப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். கழுவினதையே திரும்பக் கழுவினோம். எப்போதும் திறந்தே இருக்கும் அவசர மருந்து அலமாரி கலைந்துவிடக் கூடாதென்று எங்கள் டாக்டர் தம்பி அதற்குப் புதுப் பூட்டு போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வந்த குழுத் தலைவியம்மா சுவரையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை, என் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, "சிஸ்டர், ஊசி போட்டதும் குழந்தைக்கு மூச்சுத் திணறுது, இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டார். டாக்டர் பையைத் தடவுகிறார், விருந்தாளிகளுக்காகப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தவரின் சாவி பழைய சட்டையோடு வீட்டில் இருக்கிறது! நான் பொம்மையைச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்தேன். அவள் ஆக்ஸிஜனை இழுத்தாள், இன்னொருத்தி ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தாள், ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. நான் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து ஒரே போடு, பூட்டு கீழே விழுந்தது. யாரைக் கேட்டு உடைத்தீர்கள் என்றார் அந்தம்மா. "குழந்தைக்கு முடியலைன்னா யாரையும் கேக்க மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டேன். உடைத்ததற்கு நான் பயப்படவில்லை, அந்த அறை போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

முந்தாநாள் பதில் வந்துவிட்டது. பூட்டு போட்டதற்குக் கண்டனம், நர்ஸுகளுக்குப் பாராட்டு, தரச்சான்றும் கிடைத்துவிட்டது. அலமாரி இனி எங்கள் பொறுப்பு. டாக்டர் தம்பி ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. லீவு கிடைத்ததும் வருகிறேன், உங்களைப் பார்க்க, அங்கேயே இருக்க அல்ல. கவரில் ஒரு சாவி இருக்கும், பதறாதே, டாக்டரிடம் கேட்டு வாங்கியதுதான். அம்மாவை வீட்டில் உட்கார வைக்கலாமே என்று உனக்கு எப்போது தோன்றினாலும் அதை எடுத்துப் பார்.

இப்படிக்கு,
பூட்டை உடைத்த உன் அம்மா